ஹயர் பிளேனிலிருந்து பெரிய பிளேனுக்கு

ஊரில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், என் மனைவியின் தாய் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "மருமோன் பிளேன் ஓடுறார். ஆனா ஹயர்தான்."

அந்த 'ஆனா'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விமானம் ஓட்டப் படித்து, சோதனை மேல் சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து வந்தவனை அந்த ஒரு சொல்லால் கொண்டுபோய், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னால் வாடகைக்கு நிற்கும் கார்க்காரரோடு நிறுத்திவிடுவார் மாமி. ஒருமுறை பொறுக்காமல், "மாமி, அதுக்குப் பேர் சார்ட்டர்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுதானே தம்பி. ஆக்கள் கூப்பிட்டா வாறது, சொன்ன இடத்துக்குப் போறது. ஹயர்தானே?" என்றார்.

உண்மையில் மாமி சொன்னதில் பிழையும் இல்லை. எழுபதுகளின் கடைசி அது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் இரண்டு சின்ன விமானங்களை வைத்து வாடகைக்கு விடும் ஒரு கொம்பனியில் நான் விமானியாக இருந்தேன். கொம்பனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முதலாளி, ஒரு மெக்கானிக், ஒரு தொலைபேசி, பிறகு நான். முதலாளியும் யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுப் பக்கத்து ஆள்தான். தெற்கில் கடை போட்டு நன்றாக வந்தவர், யாரோ கதைத்து ஆசை காட்ட விமானம் வாங்கிவிட்டார். யாருக்காவது எங்கேயாவது அவசரமாகப் போகவேண்டும் என்றால் தொலைபேசி அடிக்கும். அடித்தால் நான் எழும்பிப் போகவேண்டும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் சரி, தலையில் சவர்க்காரம் போட்டிருந்தாலும் சரி.

வேலை விமானம் ஓட்டுவது மட்டும் இல்லை. வருகிறவர்களின் பெட்டிகளை நானே தூக்கி அடுக்குவேன். எண்ணெய்த் தாங்கிக்குள் நானே தடி விட்டுப் பார்ப்பேன். இறங்கியதும் நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்து, படியை இறக்கி, வயது போனவர்களைக் கையில் பிடித்து இறக்குவேன். வழியில் யாராவது சத்தி எடுத்தால் அந்தப் பையைக் கொண்டுபோய் எறிவதும் நான்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி ஆட்களை இருத்துவது. சின்ன விமானத்தில் பாரம் முன்னும் பின்னும் சரியாக இருக்கவேண்டும். பெண்களிடம் நிறையைக் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அதனால் கண்ணாலேயே அளந்து, "அக்கா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ, அண்ணை, நீங்கள் பின்னுக்கு" என்று மாற்றி மாற்றி இருத்துவேன். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுக்காரரும் இதையேதான் செய்கிறார். அங்கே ஒருவரும் கோபிப்பதில்லை. விமானத்தில் மட்டும் அது மானப் பிரச்சினை ஆகிவிடும். கலியாணத்துக்குப் போன ஒரு பெண்மணி, "ஏன் தம்பி, நான் என்ன நெல்லு மூட்டையோ?" என்று கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வரைக்கும் என்னோடு கதைக்கவேயில்லை.

இன்னொரு நாள், காரைநகர் வியாபாரி ஒருவர் ஏறி உட்கார்ந்து பட்டியையும் கட்டிய பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தார். இராகு காலம். "ஐயோ, இறங்குவம்" என்றார் அவருடைய மனைவி. அவர் யோசித்து, "ஏறினதைப் புறப்பட்டதாகக் கொள்ளேலாது. சில்லு உருண்டாத்தான் புறப்பட்டது" என்று ஒரு தீர்ப்புச் சொன்னார். இராகு காலம் கழியுமட்டும் எல்லோரும் வெயிலில் அப்படியே வேர்த்து ஊற்றிக்கொண்டு இருந்தோம். என்னை எஞ்சினில் கை வைக்க விடவில்லை. பெரிய கொம்பனிப் பிளேனில் இந்தக் கூத்து நடக்குமா?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாதது வீட்டில் இருந்தது.

நான் சுருவில்காரன். என் மனைவி அதே தீவில் நாரந்தனை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கலியாணம் முடிந்ததும் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவதாகத்தான் எண்ணம். ஆனால் கூட்டிப்போய் யாருடன் விடுவது? காலையில் அனுராதபுரம் போகிறேன் என்று வெளிக்கிட்ட நான் மூன்று நாள் கழித்து மட்டக்களப்பிலிருந்து வந்த காலம் அது. ஆகவே அவள் தாயோடு நாரந்தனையில் இருந்தாள். பலாலிக்கு ஓட்டம் கிடைக்கிற நாட்களில் நான் அங்கே போய்த் தங்கி வருவேன். கலியாணம் கட்டியும் விருந்தாளிதான்.

பலாலிக்கு இறங்கும்போது பெரும்பாலும் எங்கள் தீவுக்கு மேலால்தான் வருவேன். என் விமானத்தின் சத்தம் அவளுக்குத் தெரியும். கேட்டதும் உலையை வைப்பாள். நான் பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் தாண்டி வீட்டு வாசலுக்கு வர, சோறு வடித்து இறக்கியிருக்கும். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பலாலியில் இறங்கினவர் சில நேரம், "தம்பி, ஒரு கையெழுத்துத்தான். உடனே திரும்புவம்" என்பார். அவர் காசு கொடுத்துப் பிடித்த விமானம், நான் என்ன சொல்ல? திரும்பிக் கொழும்புக்குப் பறப்பேன். அங்கே சோறு ஆறிக்கொண்டிருக்கும். ஊரில் தொலைபேசி ஏது, சொல்லி அனுப்ப?

அப்படி ஒரு நாள் நண்டு. மாமி விடியவே போய்ப் பார்த்து வாங்கி வந்த நல்ல சதை நண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். சத்தம் கேட்டு உலை வைத்தவர்கள், பொழுது படும்வரை பார்த்திருந்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தது அடுத்த கிழமை.

என் மனைவி அழுகிற ஆள் இல்லை, சண்டை பிடிக்கிற ஆளும் இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் உங்களோட வந்து இருக்கமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. எப்ப வருவியள் எண்டு தெரியிற ஒரு வேலை எடுங்கோ. எடுத்த அண்டைக்கே கொழும்புக்கு வாறன். இல்லாட்டி நான் அம்மாவோடயே இருக்கிறன்."

"நான் என்ன வேணுமெண்டோ வராமல் இருக்கிறன்?" என்று பாய்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் சத்தம்தான் முதலில் வரும்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்று கேட்டுவிட்டு, அவள் குசினிக்குள் போய்விட்டாள். சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வெளிநாடுகளுக்கு ஜெட் ஓட்டும் பெரிய கொம்பனி ஒன்று விமானிகளை எடுக்கிறது. அங்கே ஒரு மாதத்துக்கு முன்பே எந்த நாள் வேலை, எந்த நாள் வீடு என்று அட்டவணை போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். வயதெல்லையைப் பார்த்தேன். எனக்கு அந்த வருடத்தோடு சரி. இந்த முறை தவறினால் பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

முதலாளியிடம் சொல்லப் போனேன். விசிறியைப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்திருந்தார்.

"ஐசே, நீர் போனா என்ர பிளேனை ஆர் ஓடுறது? நானோ?"

"சோதனைக்குத்தான் முதலாளி போறன். எடுக்கிறாங்களோ தெரியாது."

பேப்பரை மடித்தார். "அங்க யூனிபோம் குடுப்பாங்களோ?"

"ஓம்."

"தொப்பியோட?"

"ஓம், தொப்பியோட."

"அப்ப போம். எங்கட ஆள் ஒருத்தன் தொப்பியோட பெரிய பிளேனுக்க நிண்டா எனக்கும் பெருமைதானே." மனிதர் நல்லவர். ஆனால் அடுத்த மூச்சிலேயே, போவதற்கு முதல் அந்த இறால் கொம்பனிக்காரரை ஒருக்கால் மன்னாருக்குக் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார்.

சோதனைக்கு முதல் நாள் பலாலிக்கு ஒரு ஓட்டம் இருந்ததால் இரவு வீட்டில் தங்கினேன். காலையில் அதே விமானத்தில் இரத்மலானைக்குத் திரும்பி, மத்தியானம் அங்கேயே சோதனை. வெளிக்கிட்டு நிற்கும்போது மாமி கேட்டார். "அந்தப் பெரிய கப்டனுக்கு என்ன கொண்டு போறியள்?"

"ஒண்டும் கொண்டு போகேலாது மாமி. அது சோதனை."

"சோதனையோ வேதனையோ, ஒருத்தரிட்டை ஒரு காரியமாப் போகேக்க வெறுங்கையோட போறதே? ஆக்கள் என்ன நினைப்பினம், தீவார் கையை வீசிக்கொண்டு வந்து நிக்கினம் எண்டெல்லோ?"

எங்கள் பக்கத்தில் அது ஒரு சட்டம் மாதிரி. பெண் கேட்டுப் போனாலும் சரி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் சரி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் ஒரு வாசல் ஏறமாட்டார்கள். அந்தச் சட்டத்தை விமானச் சோதனை வரைக்கும் கொண்டுவந்தால்?

"மாமி, கொஞ்சம் சும்மா இருங்கோ!" என்று கத்திவிட்டேன்.

மாமி உடனே சும்மா இருந்தார். அவ்வளவு சுலபமாக அவர் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.

சோதிக்க வந்தவர் ஒரு பறங்கிக் கப்டன், ஒல்லாந்தர் வழி வந்தவர். ஆள் பெரிய உருவம், பேச்சு குறைவு. பேசுவது எல்லாம் ஆங்கிலம். அவர்களிடம் பயிற்சிக்கு என்று இறக்கையில் விசிறி சுற்றும் ஒரு பழைய விமானம் நின்றது. நான் ஓட்டி வந்ததை விட நான்கு மடங்கு பெரிது. ஆட்கள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். என் தோல் பையை என் கதிரைக்குப் பின்னால், வழக்கம்போல நிலத்தில் வைத்தேன்.

மேலே ஏறிக் கடல் பக்கம் திரும்பினோம். ஒரு எஞ்சின் நின்றுபோனது மாதிரி நடித்துப் பார்த்தார். சமாளித்தேன். திசைகாட்டி பழுது என்றார். சமாளித்தேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உயரம் கூடக் கூடக் குளிர்ந்தது. கப்டன் கையை நீட்டி ஹீட்டரைப் போட்டார். சூட்டுக் காற்று வரும் வாய் என் கதிரைக்குப் பின்னால்தான் இருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மணம் வந்தது. மீன் மணம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். விமானத்துக்குள் மின்சார வயர் சூடேறி அதன் உறை வேகத் தொடங்கினால், பல நேரம் முதலில் வருவது மீன் மணம்தான். புகை அதற்குப் பிறகுதான் வரும். மீன் மணம் வந்தால் நெருப்பு என்று நினை, உடனே இறங்கு என்று எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

"மணம் வருகிறதா?" என்று கப்டன் கேட்டார்.

"வருகிறது, சேர்."

முதலில் இதுவும் சோதனையில் ஒரு பாகம் என்றுதான் நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போய் இருந்தது. அட கோதாரி, இது உண்மை! ஹீட்டரை நிறுத்தினேன். தேவையில்லாத சுவிச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். கீழே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். ஹீட்டரை நிறுத்தியதும் மணம் கொஞ்சம் குறைந்தது. "ஹீட்டர் வயர்தான்" என்றார் கப்டன். "ஓம் சேர், ஹீட்டர் வயர்தான்" என்றேன் நானும், நிச்சயமாக.

கருவாட்டு மணத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு மணத்திலேயே இது கட்டா, இது திருக்கை என்று சொல்வேன். அப்படிப்பட்ட மூக்குக்கு அந்த நேரம் ஒன்றும் ஓடவில்லை. படித்த படிப்பு மூக்கை அடைத்துவிட்டது.

நேரே கொண்டுவந்து இறக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையிலேயே அப்படிப் பூப்போல நான் விமானம் இறக்கினது குறைவு. ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது. எஞ்சின்களை நிறுத்தினேன். நிறுத்தினதும் கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, படியை இறக்கி, கப்டனுடைய பையைத் தூக்கிக்கொண்டு கீழே நின்று, அவரை இறக்கக் கையை நீட்டினேன். ஹயர் ஓடின பழக்கம்! அவர் என் கையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தானாகவே இறங்கினார்.

மெக்கானிக்குகள் உள்ளே ஏறினார்கள். பலகைகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு சிரிப்புக் கேட்டது. ஒருவர் வாசலுக்கு வந்தார். ஒரு கையில் என் தோல் பை. மறு கையில் ஒரு பனையோலைப் பெட்டி. அதை நல்ல சிவப்புப் பட்டு நாடாவால் கட்டியிருந்தது. கலியாணப் பலகாரம் கட்டுகிற நாடா. சுற்றியிருந்த பொலித்தீன் ஒரு பக்கம் சூட்டில் இளகி, உள்ளே இருந்த கட்டாக் கருவாடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. வேலை போச்சு. வயதும் போச்சு. என் மனைவி நாரந்தனையில், நான் இரத்மலானையில், சாகும்வரை இப்படியே என்று நினைத்தேன்.

"இது என்ன?" என்றார் கப்டன்.

"கருவாடு, சேர்."

"யாருக்கு?"

பொய் சொல்ல அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. "உங்களுக்கு, சேர். என் மாமி எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்."

கப்டன் பெட்டியை வாங்கி மணந்து பார்த்தார். அவருடைய வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சோதனைக்கு வந்தவனிடமிருந்து தான் எதையும் வாங்கக்கூடாது என்று சொல்லி, பெட்டியை அங்கே நின்ற தீயணைப்புக்காரரிடம் கொடுத்தார். அவர்கள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு கப்டன் முகத்தைச் சரிசெய்துகொண்டு, சோதனை பாதியில் நின்றுவிட்டது, ஆகவே அது கணக்கில் இல்லை, அடுத்த கிழமை திரும்பவும் வரவேண்டும் என்றார். சேர்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஊருக்குப் போய்க் கதையைச் சொன்னேன். என் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அலுமாரியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். நான் உறுமிக்கொண்டு நின்றேன். மாமி மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பிடிக்கேல்லைப் போல. அறக்குளாக் கருவாடாக் குடுத்திருக்கவேணும்" என்றார்.

"மாமி!"

"சரி சரி. அடுத்த முறை எலுமிச்சம்பழ ஊறுகாய் வைக்கட்டோ? அது மணக்காது."

அடுத்த முறை என் பையை நான் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். கப்டன் விமானத்தில் ஏறுமுன் பையைத் திறந்து காட்டச் சொன்னார். குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏறும்" என்றார். இந்த முறை எல்லாம் முடிந்தது. ஒரு இடத்தில் கொஞ்சம் உயரம் விட்டுவிட்டேன். மற்றபடி குறை இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. எஞ்சினை நிறுத்தினதும் கால் மறுபடியும் எழும்பப் பார்த்தது. கப்டன் என் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"இரும். கதவு திறக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்."

இருந்தேன்.

"விமானம் ஓட்ட உமக்கு நான் ஒன்றும் சொல்லித்தரத் தேவையில்லை. சும்மா இருக்கத்தான் சொல்லித்தரவேண்டும். முதலாம் திகதி வாரும்" என்றார். அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். விடவே மனம் வரவில்லை.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டில் படிப்பு முடித்து, மிச்சப் பயிற்சிக்கு ஜெட்டில் உதவி விமானியாக உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே இருக்கிறது, ஒரு முகமும் எனக்குத் தெரியாது. பாரக் கணக்கைத் தாளில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். யார் நெல்லு மூட்டை, யார் பஞ்சு மூட்டை என்று நான் பார்க்கத் தேவையில்லை. சாப்பாடு தட்டில் வரும். எனக்குக் கை காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒருநாள் ஆட்கள் ஏறும்போது ஜன்னலால் பார்த்தேன். ஒரு வயதானவர் பெரிய பெட்டியோடு படியில் திணறுகிறார். என்னால் பொறுக்க முடியவில்லை. தொப்பியோடும் கோட்டோடும் இறங்கி ஓடி, பெட்டியை வாங்கி, அவரையும் தாங்கி ஏற்றிவிட்டேன். அவர் என்னை நன்றாக வாழ்த்தி, என் கைக்குள் ஒரு நோட்டை வைத்து அமுக்கினார். நிமிர்ந்தால், மேலே வாசலில் அந்தப் பறங்கிக் கப்டன் நிற்கிறார். அன்று முழுக்க, அதற்குப் பிறகு பல வருடமும், அந்தக் கதையை அவர் சொல்லாத இடமில்லை.

பயிற்சி எல்லாம் முடிந்து என் முதலாவது அட்டவணை கையில் கிடைத்தது. ஆவலோடு விரித்தேன். விரித்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. லண்டன், சிங்கப்பூர், திரும்ப லண்டன். போனால் நாலு நாள், ஐந்து நாள். வீடு என்று போட்டிருந்த நாட்களைப் பார்த்தால், ஹயர் ஓடின காலத்திலேயே நான் இதைவிடக் கூட வீட்டில் நின்றிருக்கிறேன். இதற்கா இவ்வளவு பாடு? இதைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு அவளிடம் நீட்டுவது?

யாழ்தேவி ரயிலில் ஏறி ஊருக்குப் போனேன். வழியெல்லாம் நியாயம் தேடிக்கொண்டே போனேன். புது ஆள் என்றபடியால் இப்படி, போகப் போகக் குறையும், பிறகு கப்டன் ஆனால் கேட்டு வாங்கலாம். வீட்டுக்குள் போய்த் தாளை நீட்டிவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் நானே சத்தம் போடத் தொடங்கினேன்.

"இஞ்சேரும், இதைப் பாத்துப்போட்டு மூஞ்சையை நீட்டாதையும். நான் என்ன செய்ய? அவங்கள் போட்டதுதானே!"

அவள் குசினி வாசலில் வெளிச்சத்துக்கு நின்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பியைப் பார்க்கிறது போல மேலிருந்து கீழே ஆறுதலாகப் பார்த்தாள்.

"இதில வீடு எண்டு போட்டிருக்கிற நாளில வருவியளோ?"

"வருவன்."

"போடாத நாளில?"

"வர ஏலாது. அதைத்தானே சொல்லுறன்!"

"பிளேன் பிந்தினா?"

"கொம்பனியில இருந்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுவாங்கள். கொழும்பில, வெள்ளவத்தையில நான் வாடகைக்குப் பாத்த வீட்டில போன் இருக்கு."

அவள் தாளைத் திருப்பித் தரவில்லை.

"இதுதானப்பா எனக்கு வேணும்."

"என்ன இது வேணும்? மாசத்தில பாதி நாள் நான் இல்லை!"

"இல்லாட்டி இல்லை எண்டு தெரியுது தானே" என்றாள். பிறகு அவளுடைய குரல் மாறியது. "நீங்கள் வராத ஒவ்வொரு நாளும், யாவாரி மறிச்சுப்போட்டானோ, பிளேன் விழுந்துபோச்சோ எண்டு எனக்கு எப்பிடியப்பா தெரியும்? நான் ஆரைக் கேக்கிறது?"

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த நியாயம் ஒன்றும் இதற்குப் பதில் இல்லை. சோறு ஆறிப்போகிற கோபம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வந்து சேர்கிற நாளில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாளே, அது கோபத்தில் நின்றதில்லை.

"ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"சொன்னா நீங்கள் பறக்கேக்க அதை நினைப்பியள்" என்றாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வைத்து, கொழும்புக்குத் தன் சீலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்து மடித்தேன். எனக்கு மடிக்கத் தெரியாது. அவள் வாங்கி வாங்கித் திரும்ப மடித்தாள்.